சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்கு வீட்டில் செய்யும் வாட்டர் இன்ஜெக்‌ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சூப்பர்சார்ஜர் (எஞ்சின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். யாரோ கைமாற்றிவிட்ட பழைய மெர்சிடஸ் கொம்ப்ரசர், ஒன்றிரண்டு பழைய மினி கூப்பர் எஸ், கழற்றி விற்ற ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரை வாங்கிச் சின்ன எஞ்சினில் ஏற்றியவர்கள், அவ்வளவே. ஆனால் அவற்றைப் பற்றிச் சந்தேகம் கேட்பவர்களுக்குக் குறைவில்லை. மார்த்தாண்டத்தில் ஒருவர் கேட்டதையே தக்கலையில் இன்னொருவர் கேட்கிறார். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பெட்ரோல் எஞ்சினை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, இது தண்ணீரில் ஓடும் காரா?

இல்லை. தண்ணீர் எரியாது, எரிந்து முடிந்த பொருள் அது. 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசியதே, அந்த வரிசையில் இதைச் சேர்க்க வேண்டாம். வண்டி ஓடுவது பெட்ரோலில்தான். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் தள்ளும் சில நொடிகளுக்கு மட்டும் (அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட்), உள்ளே போகும் காற்றில் பனிபோலத் தண்ணீரைத் தெளிக்கிறோம்.

போன மழையில் பக்கத்து வீட்டுக்காரர் காருக்குள் தண்ணீர் போய் எஞ்சினே போய்விட்டது. நீங்கள் வேண்டுமென்றே தண்ணீர் விடச் சொல்கிறீர்களே?

எஞ்சினைக் கொல்வது அளவு. 1300 சிசி, நான்கு சிலிண்டர், 9-க்கு 1 கம்ப்ரஷன் என்றால் பிஸ்டன் மேலே வரும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 40 மில்லிலிட்டர். அதைவிட அதிகமாகத் தண்ணீர் தேங்கியிருந்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். வெள்ளத்தில் நடந்தது அதுதான்.

நாம் தெளிப்பது நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டர் அளவில். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 3000 முறை காற்றை இழுக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு இழுப்புக்கு 0.005 மில்லிலிட்டர். ஒரு சொட்டில் பத்தில் ஒரு பங்கு. ஓடும் எஞ்சினுக்கு இதனால் ஆபத்து இல்லை. நிறுத்திவைத்த எஞ்சினுக்கு உண்டு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அப்படியென்றால் தண்ணீர் என்னதான் செய்கிறது?

சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தும்போது காற்று சூடாகிறது. 32 டிகிரிக் காற்றை அரை பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றைவிட அரை மடங்கு கூடுதல் அழுத்தத்துக்கு) அழுத்தினால், ரூட்ஸ் வகைச் (இரண்டு ரோட்டர்கள் சுற்றிக் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜரின் சுமாரான திறனில் வெளியே வருவது 90 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டோடு சிலிண்டருக்குள் போன கலவை, பிளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்கு முன்பே மூலையில் தானாக வெடிக்கும். அந்த 'டிக் டிக்' சத்தம்தான் நாக்கிங். பிஸ்டன் ரிங்கு உடைவதும் பிஸ்டன் தலையில் குழி விழுவதும் அதனால்தான்.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் எடுப்பது 350 ஜூல் அளவில்தான். எனவே கொஞ்சம் தண்ணீரே காற்றின் சூட்டை இறக்கிவிடுகிறது. ஆவியாகாமல் மிஞ்சுவது சிலிண்டருக்குள் போய் அங்கே சூட்டைக் குடிக்கிறது. புதிய யோசனையும் அல்ல. இரண்டாம் உலகப் போரின் போர் விமானங்களில் இதே வேலையைச் செய்தார்கள். ஜெர்மானியர்களின் எம்டபிள்யூ 50 என்பது பாதி மெத்தனால், பாதி தண்ணீர்.

நம்மூர்க் காற்றே ஈரம் பிசுபிசுக்கிறது. குளச்சல் பக்கம் ஓட்டினால் தண்ணீர் இன்ஜெக்‌ஷன் இலவசமாகக் கிடைக்காதா?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் பெரும்பாலும் கடற்கரைக்காரர்கள். 30 டிகிரியில் ஈரம் நிறைந்த கடற்காற்று ஒரு கிலோவில் 20 கிராம் அளவுக்கு நீராவி இருக்கும். நாம் தெளிப்பது ஒரு கிலோ காற்றுக்கு 12 கிராம் அளவே. கடல் நம்மைவிடத் தாராளமாகத்தான் கொடுக்கிறது. ஆனால் அது கொடுப்பது ஏற்கெனவே ஆவியானது. வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை அது கடலிலேயே முடித்துவிட்டது. நமக்கு வேண்டியது இனிமேல் ஆவியாகப்போகும் தண்ணீர்.

இதையே திருப்பிப் போட்டு, ஈரக்காற்றில் மண்பானை சரியாகக் குளிர்வதில்லையே, இங்கே தண்ணீர் எப்படி ஆவியாகும் என்றும் கேட்பார்கள். பானையைச் சுற்றியிருப்பது 30 டிகிரிக் காற்று. இன்டேக்கில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் பாதையில் இருப்பது 90 டிகிரிக் காற்று. அது இன்னும் எவ்வளவு ஆவியையும் தாங்கும். தெளித்த 12 கிராமும் இன்டேக்கிலேயே ஆவியானால் காற்று 25 முதல் 30 டிகிரி வரை இறங்கும். முழுவதும் அங்கேயே ஆவியாவதில்லை என்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே இறங்கும்.

இன்டர்கூலர் இருந்தால் இது தேவையா?

இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டர்) நன்றாக வேலை செய்து, நாக்கிங் இல்லை என்றால் தேவையில்லை. எஞ்சின் மேலேயே ரூட்ஸ் சூப்பர்சார்ஜரை நேராக இன்டேக்கில் உட்காரவைத்து, இன்டர்கூலருக்கு இடமே இல்லாத வண்டிகளுக்குத்தான் தண்ணீர் உண்மையில் கைகொடுக்கிறது.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்? வீட்டில் நல்ல கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது.

குடிக்க நல்லது, எஞ்சினுக்கு வேண்டாம். பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி ஊற்றுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். அதில் கரைந்திருக்கும் உப்பு போகாது. டிடிஎஸ் மீட்டர் 500 (லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு) காட்டும் போர் தண்ணீரில் ஐந்து லிட்டர் தெளித்தால் இரண்டரை கிராம் உப்பும் சுண்ணாம்பும் இன்டேக்கிலும் வால்விலும் தண்ணீரைத் தெளிக்கும் நாசிலின் துளையிலும் படியும். கடலோர ஊர்களில் மீட்டர் இதைவிட மேலே ஏறும்.

ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். அவசரத்துக்கு ஒரு முறை ஊற்றினால் குடி முழுகிவிடாது, பழக்கமாக வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அதில் உப்பு மிகக் குறைவுதான். ஆனால் ஏசியின் தூசியும் பாசியும் சேர்ந்தே வரும். நாசில் துளை 0.3 மில்லிமீட்டர். ஒரு மணல் துகள் போதும். எந்தத் தண்ணீர் என்றாலும் பம்புக்கு முன்னால் நுண்வலை வடிகட்டி இருந்தே ஆக வேண்டும்.

யூடியூபில் எல்லோரும் மெத்தனால் கலக்கிறார்கள். இங்கே எங்கே கிடைக்கும்?

இங்கே தேடாதீர்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். 2023-ல் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் மெத்தனால் கலந்து எத்தனை பேர் செத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கார் டிக்கியில் ஒரு கேன் மெத்தனால் வைத்துக்கொண்டு களியக்காவிளை சோதனைச் சாவடியில் 'எஞ்சினுக்கு' என்று விளக்கம் சொல்லிப் பாருங்கள். குடித்தால் கண் போகும், உயிர் போகும். தோல் வழியாகவும் உடலில் ஏறும். எரியும்போது பகல் வெளிச்சத்தில் சுடர் சரியாகத் தெரியாது.

குளிர்நாடுகளில் அதைக் கலப்பதற்கு ஒரு காரணம், தண்ணீர் உறைந்துவிடக் கூடாது என்பது. பேச்சிப்பாறையில் தண்ணீர் உறையப்போவதில்லை. மெத்தனால் எரிபொருளாகவும் பயன்படுவதால் சக்தி கொஞ்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் குளிர்விக்கும் வேலையில் ஒரு கிராம் மெத்தனால் ஒரு கிராம் தண்ணீரில் பாதிதான். நாக்கிங்கை அடக்க வெறும் தண்ணீர் போதும்.

என்னென்ன சாமான் வேண்டும்? எல்லாம் நாகர்கோவிலிலேயே கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். தனியாக ஒரு தண்ணீர்த் தொட்டி (வைப்பர் தொட்டியைப் பங்கு போடாதீர்கள், அதில் சோப்பு இருக்கும்), 12 வோல்ட் பம்பு, வடிகட்டி, குழாய், மின்சார சாலினாய்டு வால்வு (மின்சாரம் வந்தால் மட்டும் திறப்பது), ஒருவழி வால்வு, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாசில், பூஸ்ட் பிரஷர் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ்.

குழாய் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்ஓ கடையின் வெள்ளைக் குழாய் எஞ்சின் சூட்டில் இளகி, அழுத்தத்தில் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். லாரி ஏர் பிரேக்குக்குப் போடும் நைலான் குழாய் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும். லாரி உதிரிபாகக் கடைகளில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். நாசிலும் தோட்டத்துப் பிளாஸ்டிக் நாசிலாக இருக்கக் கூடாது. அதன் முனை கழன்றால் நேராக வால்வுக்குத்தான் போகும்.

வாழைக்கு மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் பம்பைப் போடலாமா?

போடலாம், வீட்டில் செய்பவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான். 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு, 7 பார் அளவுக்கு அழுத்தம் தரும், விவசாயப் பொருள் கடைகளில் தனியாகவே விற்கிறார்கள். மருந்து ஓடிய பழைய பம்பு வேண்டாம், புதிதாக வாங்குங்கள். ஆர்ஓ பம்பு பெரும்பாலும் 24 வோல்ட், காரோடு ஒத்துப்போகாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பம்பு நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வரை தள்ளக்கூடியது, நமக்கு வேண்டியதோ 60 மில்லிலிட்டர். தண்ணீர் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறியதும் பம்பிலேயே இருக்கும் சுவிட்ச் அதை நிறுத்தும், இறங்கியதும் ஓடவிடும். 'டர்ர்... டர்ர்...' என்று விட்டுவிட்டு ஓடும் சத்தம் அதுதான். தெளிப்பும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். பம்புக்குப் பிறகு ஒரு டீ இணைப்புப் போட்டு, ஒரு கிளையைச் சின்ன திருகு வால்வு வழியாகத் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள். அழுத்தமானி 6 அல்லது 7 பாரில் ஆடாமல் நிற்கும்வரை அந்த வால்வைத் திருகிச் சரிசெய்யலாம்.

எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும்? கணக்கு இருக்கிறதா?

பெட்ரோலின் எடையில் 10 முதல் 20 சதவீதம் என்பது பொதுவான அளவு. சூப்பர்சார்ஜர் எஞ்சின் முழுவேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 250 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 25 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 417 கிராம். அதில் 10 முதல் 20 சதவீதம் என்றால் 40 முதல் 80 மில்லிலிட்டர். நடுவில் 60-ல் தொடங்குங்கள்.

நாசில் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். குழாயோடு நாசிலை வெளியே எடுத்து, மருந்துக் குப்பியோடு வரும் அளவுக் குவளைக்குள் ஒரு நிமிடம் அடிக்கவிடுங்கள். பிறகு செய்தித்தாளை ஓர் அடி தூரத்தில் பிடித்து ஒரு நொடி தெளியுங்கள். தாள் சீராக நனைந்து மங்கினால் சரி. நடுவில் ஓட்டை விழுவதுபோல ஒரே கம்பியாகப் பாய்ந்தாலோ ஓரத்தில் பெரிய சொட்டுகள் தெறித்தாலோ அந்த நாசில் ஆகாது. அளவைக் கூட்ட அழுத்தத்தை மட்டும் ஏற்றிப் பயனில்லை: அழுத்தம் நான்கு மடங்கானால்தான் தண்ணீர் இரண்டு மடங்காகும். துளையை மாற்றுங்கள்.

மூன்று லிட்டர் தொட்டி எத்தனை நாள் வரும்?

பூஸ்டில் மட்டுமே ஓடுவதால் மேற்சொன்ன அளவில் 50 நிமிட பூஸ்டுக்கு வரும். மார்த்தாண்டம் நெரிசலில் பூஸ்ட் ஏது? வாரக்கணக்கில் தொட்டி குறையாது. ஆனால் வாரக்கணக்கில் நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கும். வெயில் படாத இடத்தில் தொட்டியை வையுங்கள், அவ்வப்போது காலி செய்யுங்கள்.

நாசிலைச் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

பின்னால். இன்டர்கூலர் இருந்தால் அதற்கும் பின்னால். முன்னால் வைத்தால் ரூட்ஸ் ரோட்டர்களின் இடைவெளியைத் தண்ணீர் அடைத்துத் திறன் கூடும் என்பார்கள்; அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ரோட்டரின் மேற்பூச்சுக்கும் பேரிங்குக்கும் யார் உத்தரவாதம்? சென்ட்ரிஃபியூகல் வகை என்றால் வேகமாகச் சுற்றும் இறக்கைகளைத் தண்ணீர்ச் சொட்டுகள் அரித்துவிடும்.

ஒரே நாசில் என்றால் காற்று நான்கு கிளையாகப் பிரிவதற்கு முன்னால், முடிந்த அளவு தள்ளி வையுங்கள். ஒரு கிளையின் வாயிலேயே வைத்தால் ஒரு சிலிண்டர் குளிக்கும், மற்ற மூன்றும் காயும்; நாக்கிங் காய்ந்ததில் வரும்.

எப்போது தெளிக்கத் தொடங்க வேண்டும்? அர்டுயினோ போட்டுச் செய்யலாமா?

முழு பூஸ்ட் அரை பார் என்றால் சுவிட்சை 0.2 பாரில் வையுங்கள். அதற்குக் கீழே தெளித்தால் எஞ்சின் தடுமாறும். மின்சாரம் இக்னிஷன் சாவி வழியாக வர வேண்டும். நேராக பேட்டரியிலிருந்து எடுக்கக் கூடாது. சுவிட்ச் ரிலேயை இயக்கும், ரிலே பம்பையும் சாலினாய்டையும் ஒன்றாக இயக்கும்.

பாலிடெக்னிக் மாணவர்கள் எல்லோரும் அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில்தான் தொடங்குகிறார்கள். பூஸ்டுக்கு ஏற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது நல்லதுதான். ஆனால் முதலில் சுவிட்சில் ஓடவிட்டுப் பழகுங்கள். பலகை செயலிழந்தால் வால்வு மூடியபடி நிற்க வேண்டும் என்பதைக் கம்பியிலேயே உறுதிசெய்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

பம்பு நின்றால் தண்ணீரும் நின்றுவிடுமே, சாலினாய்டு வால்வு எதற்கு வீண் செலவு?

இந்த வால்வு இல்லாமல் வண்டியை ஓட்டாதீர்கள். ஈட்டன் போன்ற அமைப்புகளில் திராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கும். திராட்டிலை மூடியதும் அதற்குப் பின்னால் உள்ள எல்லா இடத்திலும் வெற்றிடம் உண்டாகும். நாசில் இருக்கும் இடமும் அதில் அடக்கம். பம்பு நின்றிருந்தாலும் அந்த வெற்றிடம் தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போதே எஞ்சின் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

எஞ்சினை அணைத்த பிறகு, தொட்டி நாசிலைவிட உயரத்தில் இருந்தால் இரவு முழுக்கச் சொட்டும். காலையில் சாவியைத் திருப்பும்போது இரண்டாவது பதிலில் சொன்ன 40 மில்லிலிட்டர் கணக்கு நினைவுக்கு வரும். எனவே தொட்டி தாழ்வாக, சாலினாய்டு நாசிலுக்கு மிக அருகில், இடையில் ஒருவழி வால்வு. தொழிற்சாலையிலேயே இந்தத் தண்ணீர் அமைப்போடு வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் எஞ்சினை அணைத்ததும் குழாயில் இருக்கும் தண்ணீரே தொட்டிக்குத் திரும்பிவிடும்படி செய்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனமே பயப்படுகிறது.

எல்லாம் போட்டாயிற்று. பவர் கூடவில்லையே, கொஞ்சம் குறைந்ததுபோலக்கூட இருக்கிறது?

குறைந்திருக்கலாம். தண்ணீர் சக்தி தருவதில்லை, இடம் தருகிறது. அந்த இடத்தில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பற்றவைக்கும் நேரத்தை, முன்னே நகர்த்தினால்தான் சக்தி வரும். டைமிங்கைத் தொடாமல் தண்ணீரை மட்டும் சேர்த்தால் எரிதல் மெதுவாகும், அவ்வளவுதான். ஏற்கெனவே நாக்கிங்கால் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) டைமிங்கைப் பின்வாங்கிக்கொண்டிருந்த வண்டி என்றால் மட்டும் தானாகவே வித்தியாசம் தெரியும்.

டைமிங்கை ஒரு முறைக்கு ஒரு டிகிரிக்கு மேல் நகர்த்தாதீர்கள். காற்று–பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் சென்சாரும் நாக்கிங்கைக் கேட்கும் கருவியும் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். முழு பூஸ்டில் மட்டும் எஞ்சின் திக்கினால், தண்ணீரைக் குறைப்பதற்கு முன் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டால்?

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். டைமிங்கைத் தண்ணீரை நம்பி முன்னே வைத்தாயிற்று, தண்ணீர் நின்றுவிட்டது என்றால் பிஸ்டனுக்கு இருப்பது சில நொடிகள்தான். 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் தண்ணீர்–மெத்தனால் தொட்டியோடு வந்தது. தொட்டி காலியானால் பூஸ்டைத் தானே கட்டுப்படுத்தும் ஏற்பாடும் அதில் இருந்தது. வாங்கியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். ஆனால் எஞ்சின் பிழைத்தது.

வீட்டில் செய்பவர்களுக்குக் குறைந்தபட்சம்: தொட்டியில் மிதவை சுவிட்ச், குழாயில் அழுத்தச் சுவிட்ச், கண்ணில் படும் இடத்தில் சிவப்பு விளக்கு, ஒரு பஸ்ஸர். தெளிக்க வேண்டிய நேரத்தில் அழுத்தம் 4 பாருக்குக் கீழே இருந்தால் விளக்கு எரிய வேண்டும், கால் எடுக்க வேண்டும். இதைவிட நல்லது காலை நம்பாமல் இருப்பது. பழைய மெர்சிடஸ் சூப்பர்சார்ஜர்களில் சிலவற்றுக்கு மின்காந்தக் கிளட்ச் உண்டு. அதன் மின்சாரத்தை அதே சுவிட்ச் துண்டிக்கலாம். இரண்டு டைமிங் வரைபடம் வைக்கும் ஈசியூ என்றால் பாதுகாப்பான வரைபடத்துக்கு அதுவே மாறட்டும்.

ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. நாசில் அடைத்துக்கொண்டால் குழாயில் அழுத்தம் குறையாது, விளக்கும் எரியாது. அதைப் பிடிக்க நீரோட்ட சென்சார் வேண்டும், ஆனால் கடையில் மலிவாகக் கிடைப்பவை நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஓடினால்தான் சுற்றும். நமது 60 மில்லிலிட்டர் அதன் கண்ணுக்கே தெரியாது. நுண்ணளவு சென்சார் வாங்க முடியாவிட்டால், ஆயில் மாற்றும்போதெல்லாம் நாசிலைக் கழற்றிக் குவளை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

இப்போது வருவது 20 சதவீத எத்தனால் பெட்ரோல். தண்ணீர் பட்டால் பிரிந்துவிடும் என்கிறார்களே?

பிரிவது பெட்ரோல் டேங்கில் தண்ணீர் சேர்ந்தால். நாம் தெளிப்பது காற்றுப் பாதையில். அங்கே பெட்ரோல் தேங்கி நிற்பதில்லை. எத்தனாலும் ஆவியாகும்போது பெட்ரோலைவிட அதிகம் குளிர்விக்கும், நாக்கிங்கையும் தாங்கும் என்பதால் உங்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவாகவே தேவைப்படலாம்.

ஆயில் மூடியைத் திறந்தால் மோர்போல வெள்ளையாக இருக்கிறது. தண்ணீர் இன்ஜெக்‌ஷனால்தானா?

தெளிப்பு பூஸ்டில் மட்டும் நடந்தால் அது ஆவியாகப் புகைக்குழாய் வழியாகவே போய்விடும். மூடியில் மட்டும் வெள்ளை படிவது, எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்திவிடும் குறுகிய ஓட்டங்களால் வரும்; மழைக்காலத்தில் தண்ணீர் இன்ஜெக்‌ஷன் இல்லாத வண்டிகளிலும் பார்க்கலாம். ஆயில் குச்சியிலும் அதே நிறம் என்றால் சும்மா விடாதீர்கள். சாலினாய்டு கசிகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

என் டீசல் டர்போவுக்கும் போடலாமா?

போடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் டீசலில் இந்த நாக்கிங் கணக்கே கிடையாது. மேலே சொன்ன அளவுகளை அதற்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்டிஓ பிடிப்பாரா?

தண்ணீர்த் தொட்டியைவிடச் சூப்பர்சார்ஜர்தான் முதல் கேள்வியாக வரும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தொழிற்சாலையிலேயே சூப்பர்சார்ஜரோடு வந்த வண்டி என்றால் அந்தக் கவலை இல்லை. நீங்களாக ஏற்றியது என்றால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத் திறப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீர்தான் இருக்கிறதே, சின்ன புல்லி மாட்டி பூஸ்டை ஏற்றட்டுமா?

சின்ன புல்லி சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுற்றும். அரை பாரிலிருந்து 0.8 பாருக்குப் போனால், முன்பு 94 டிகிரியில் வந்த காற்று 125 டிகிரியில் வரும். கிளட்ச் இல்லாத வண்டியில் புல்லியை மாட்டிய பிறகு, ஓட்டும்போது கால் எடுப்பதைத் தவிர பூஸ்டைக் குறைக்க எளிய வழியில்லை. பெல்ட் சுற்றும்வரை சூப்பர்சார்ஜரும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். பெட்ரோல் இன்ஜெக்டர் அந்த அளவுக்கு ஊற்றுமா என்பதை முதலில் பாருங்கள். பிறகு இப்போதிருக்கும் புல்லியிலேயே, டைமிங்கைப் பழைய பாதுகாப்பான அளவுக்குத் திருப்பி வைத்துவிட்டு, பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, பூஸ்டில் மிதித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கு உடனே எரிந்து, கிளட்சோ வரைபடமோ தானாக மாறினால் புல்லியைப் பற்றிப் பேசலாம். விளக்கு மட்டும் எரிந்து நீங்கள் கால் எடுக்க வேண்டியிருந்தால், பழைய புல்லியே இருக்கட்டும்.